ஒட்டுக்கண்ணர்

உங்கள் வீட்டுக்கு ஒருவர் வருகிறார். வாங்க, உட்காருங்க என்று நாற்காலியை இழுத்துப் போடுகிறீர்கள். அவர் உட்காருவதற்கு முன் அந்த நாற்காலியை லேசாகச் சாய்த்து, அடிப்பக்கத்தை ஒரு நோட்டம் விட்டு, "பின்னங்கால் ஒண்ணு மாத்தியிருக்கு போல" என்று சொல்லிவிட்டு உட்காருகிறார் என்றால் சந்தேகமே வேண்டாம். வந்திருப்பவர் ஒட்டுக்கண்ணர்.

அகராதியில் தேடாதீர்கள். பெயர் நான் வைத்தது. பேருந்தில் நம் தோளுக்கு மேலாக எட்டி நம் செய்தித்தாளை வாசிப்பவரையும், நோய் விசாரிக்க வந்து அதே நோயில் செத்தவர்களின் கதையைச் சொல்பவரையும் பார்த்தவுடன் அடையாளம் தெரிந்துவிடும், ஓடி ஒளிந்துகொள்ளலாம். ஒட்டுக்கண்ணர் அவ்வளவு சுலபமாக அகப்பட மாட்டார். ஆள் சாது. குரல் உயராது. எதையும் மட்டம் என்று சொல்ல மாட்டார். ஒரு பொருள் எங்கே உடைந்தது, எங்கே ஒட்டியிருக்கிறது என்று மட்டும் சொல்வார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் பொறாமையோ கேலியோ துளியும் இருக்காது. தொலைந்துபோன செருப்பைக் கண்டுபிடித்துக் கொடுத்தவரின் மலர்ச்சிதான் இருக்கும். நாம் நன்றி சொல்வோம் என்று வேறு காத்திருப்பார்.

இதில் கொடுமை என்ன தெரியுமா? அவர் சொல்வது சரியாக இருக்கும்.

இந்த இனத்தில் முழு வளர்ச்சி பெற்ற ஓர் உருப்படி என் மனைவியின் அண்ணன். ஒட்டு மாமா என்று குடும்பத்துப் பிள்ளைகள் பெயர் வைத்து, பிறகு பெரியவர்களும் அதையே சொல்லி, கடைசியில் தபால்காரர்கூட அப்படித்தான் விசாரிக்கிறார். ராணுவத் தளவாடக் கிடங்கில் பழைய துப்பாக்கிகளின் மரக்கட்டைகளைப் பரிசோதிக்கிற உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். துப்பாக்கி என்றால் நமக்குக் குழாயும் குண்டும் ஞாபகம் வரும். அவருக்கு மரம். தோளில் வைக்கும் அடிக்கட்டை, கை பிடிக்கும் கழுத்து, குழாயைத் தாங்கும் முன்கட்டை, இவற்றில் எது பட்டறையில் முறையாகச் சீர்செய்தது, எது எவனோ சிப்பாய் உடைத்துவிட்டு மேலதிகாரிக்குத் தெரியாமல் ஒட்டிக் கறுப்பு பூசியது என்று தரம் பிரித்து அடுக்குவதுதான் வேலை. ஓய்வு பெற்ற அன்று துப்பாக்கிகள் கிடங்கிலேயே நின்றுவிட்டன. கண் மட்டும் கூடவே வீட்டுக்கு வந்துவிட்டது.

வந்த கண் சும்மா இருக்குமா? குடல்வால் அறுவைக்காகத் தள்ளுவண்டியில் படுக்கவைத்து உருட்டிக்கொண்டு போகையில், பாதி மயக்கத்தில் தலையைத் தூக்கி, அறுவை அரங்கின் கதவுச் சட்டத்தில் கீழ்ப்பாதி வேறு மரம் என்று சொன்னார். டாக்டர் கையுறை மாட்டிய விரலால் அதைத் தடவிப் பார்த்துவிட்டு, மறுபடியும் கை கழுவப் போனார். நண்பர் ஒருவர் தம் வண்டியைப் பெருமையாகக் காட்டியபோது கதவை விரல் முட்டியால் ஒரு தட்டு தட்டி, இது வேறு வண்டியின் கதவு என்றார். வண்டியை விற்றவர் நண்பருடைய மனைவியின் தம்பி. அந்த வீட்டில் இன்றைக்கும் கணவன் ஒரு நேரத்திலும் மனைவி ஒரு நேரத்திலும்தான் சாப்பிடுகிறார்கள். பழைய மேலாளர் இறந்து பெட்டியில் கிடத்தியிருந்தபோது எல்லோரையும்விட அதிக நேரம் குனிந்து நின்றார். துக்கம் தாங்கவில்லை என்று நாங்கள் நினைத்தோம். நிமிர்ந்தவர், "மூடி வேற பெட்டியோடது" என்று தணிந்த குரலில் மேலாளரின் மனைவியிடம் தெரிவித்தார். உத்தியோகத்தில் இருந்த காலத்திலேயே அறிகுறி இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். என் மகள் பிறந்த அன்று குழந்தையைக் கையில் வாங்கியவர் செய்த முதல் காரியம், திருப்பிப் பார்த்தது. என் மனைவி பிடுங்கிக்கொண்டாள்.

அந்த மகளுக்குத்தான் கல்யாணப் பேச்சு வந்தது.

பேச்சு என்ன பேச்சு? அவளும் பையனும் ஒரே அலுவலகத்தில் பக்கத்துப் பக்கத்து மேசையில் கட்டடங்களுக்கு வரைபடம் போடுகிறவர்கள். எல்லாவற்றையும் அவர்களே பேசி முடித்துவிட்டு, பெரியவர்கள் பேசி முடித்தது மாதிரி ஒரு தோற்றத்துக்காக எங்களைப் பையன் வீட்டுக்கு வரச் சொல்லியிருந்தார்கள். ஒரே முடிச்சு, பையனின் அப்பா. மருந்துக்கடைக்காரர். நல்ல மனிதர்தான், ஆனால் வீட்டுப் பெருமை என்று வந்துவிட்டால் யாரையும் முகம் பார்க்க மாட்டார். கூடத்துக் கடிகாரம் கொஞ்சம் மெதுவாகப் போகிறது என்று சொன்ன சொந்தத் தம்பியோடு அவருக்குப் பல வருடமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. அவர் எழுந்து உள்ளே போய்விட்டார் என்றால் கல்யாணமும் கூடவே எழுந்து போய்விடும். பையன் அப்பாவை மீறமாட்டான். மீறச் சொல்ல என் மகளுக்கும் மனம் இல்லை.

"அவங்க வீட்டுல ஒரு பழைய துப்பாக்கி இருக்கு. அவரோட தாத்தா சண்டையில வச்சிருந்தது. அதைப் பத்தி மட்டும் யாரும் எதுவும் சொல்லிடாதீங்க" என்று என் மகள் எச்சரித்தாள். எல்லோருக்கும் பொதுவாகத்தான் சொன்னாள். பார்வை மட்டும் அவளுடைய மாமாவிடம் போய் நின்றது. அவர் எங்கள் சமையலறைக் கதவைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு கீல் பக்கத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

அவரை விட்டுவிட்டுப் போயிருக்கலாமே என்பீர்கள். என் மனைவிக்கு அப்பா அம்மா இல்லை. பிறந்த வீடு என்றால் அவர் ஒருவர்தான். ஆகவே அவரை உட்காரவைத்து, அங்கே வாயைத் திறப்பதில்லை என்று சத்தியம் வாங்கினாள். அவரும் தயங்காமல் செய்து கொடுத்தார். ஆனால் அண்ணனின் வாயை நம்பிய அளவுக்கு அவளால் அவர் கையை நம்ப முடியவில்லை. கடைத்தெருவில் இருப்பதிலேயே பெரிய பழக்கூடையாக, இரண்டு கையாலும் கட்டிப்பிடித்தால்தான் தூக்க முடியும் என்கிற அளவில் ஒன்றை வாங்கி, வண்டியை விட்டு இறங்கும்போதே அவரிடம் கொடுத்துவிட்டாள். யார் கேட்டாலும் கொடுத்துவிட வேண்டாம் என்றும் சொல்லிவைத்தாள்.

மருந்துக்கடைக்கு மேல்மாடியில் வீடு. படி ஏறும்போதே இருமல் மருந்து வாசனை. பையனின் அம்மா, ஒல்லியாக, அதிகம் பேசாத பெண்மணி, வாசலிலேயே கூடையை வாங்கக் கை நீட்டினார். ஒட்டு மாமா கூடையை இன்னும் இறுக்கிக்கொண்டு, இருக்கட்டும்மா, கனம் ஒண்ணும் இல்ல என்றார். அவர் தம்முடைய நாற்காலியில் கூடையோடு உட்கார்ந்தது, ரயிலில் இடம் கிடைக்காமல் வந்து இப்போதுதான் கிடைத்த பயணியைப் போல இருந்தது. உட்கார்ந்த உடனே இடுப்பை ஒரு தடவை இடமும் வலமும் அசைத்தார். நாற்காலியின் கால் ஒன்று அசல் இல்லை என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. எனக்கும் தெரிந்துவிட்டது, அவர் கண் மின்னியதிலிருந்து. ஆனால் வாய் திறக்கவில்லை. என் மனைவி பெருமூச்சு விட்டாள்.

துப்பாக்கி எதிர்ச் சுவரில், இரண்டு கொக்கியில், தனி விளக்கு வெளிச்சத்தில் இருந்தது. சட்டப்படி குழாயில் ஈயம் ஊற்றி அடைத்தாயிற்று. அதை வைத்து ஒரு ஈயைக்கூடச் சுட முடியாது. மரம் மட்டும் நன்றாகச் சாப்பிட்டு வளர்ந்த குதிரையின் முதுகு மாதிரி பளபளத்தது. மருந்துக்கடைக்காரர் எங்களைக் குசலம் விசாரித்த கையோடு கதையைத் தொடங்கிவிட்டார். அவருடைய தாத்தா தனியாளாக ஒரு பாலத்தைக் காவல் காத்தாராம். எதிரியின் குதிரைவீரன் ஒருவன் வாளை ஓங்கிக்கொண்டு பாய்ந்து வந்தானாம். சுட நேரமில்லை. தாத்தா துப்பாக்கியைத் தலைக்கு மேலே குறுக்காகப் பிடித்தார். வாள் அதன் கழுத்தில் விழுந்தது. அந்த வெட்டு இன்றும் அப்படியே இருக்கிறது. அது மட்டும் தலையில் விழுந்திருந்தால் தாத்தா இல்லை, அப்பா இல்லை, தாமும் இல்லை, எங்கள் மாப்பிள்ளையும் இல்லை. ஆக, பார்க்கப்போனால் இந்தச் சம்பந்தத்துக்கே காரணம் அந்த வெட்டுதான் என்று முடித்தார். நாங்கள் எல்லோரும் வெட்டுக்குக் கடமைப்பட்டவர்களாகத் தலையாட்டினோம்.

அதோடு விட்டிருக்கலாம். அவர் எழுந்து போய், துப்பாக்கியை இறக்கிக்கொண்டு வந்து, ஒட்டு மாமாவின் மடியில் இருந்த கூடையைத் தாமே தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, அந்த இடத்தில் துப்பாக்கியை வைத்தார்.

"நீங்க இந்தத் துறையிலேயே இருந்தவராமே. நீங்களே சொல்லுங்க சார்."

என் மகள் கண்ணை மூடிக்கொண்டாள்.

நியாயமாகச் சொன்னால், ஒட்டு மாமா போராடினார். கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். நல்ல துப்பாக்கி என்றார். ரொம்ப நல்ல துப்பாக்கி என்றார். அது மடியில் சரிந்தது. பிடிக்க வேண்டியதாயிற்று. பிடித்த கையின் கட்டைவிரல் நகம் அடிக்கட்டையின் கீழ்மூலையில் மெல்ல ஓடி, ஓரிடத்தில் நின்றது. நின்ற இடத்திலேயே இன்னொரு தடவை ஓடியது. பிறகு ஒரு குரல் கேட்டது. அது அவருடையதுதான்.

"இந்த மூலை அசல் இல்ல சார்."

மருந்துக்கடைக்காரர் சிரித்தார், நகைச்சுவை என்று நினைத்துவிட்டார். ஒட்டு மாமா விளக்கினார். துப்பாக்கி கீழே விழுந்தால் முதலில் உடைவது இந்த மூலை. பட்டறையில் உடைந்ததைச் சதுரமாக வெட்டி எடுத்துவிட்டு வேறு மரத்துண்டு வைத்துப் பொருத்துவார்கள். இதோ ரேகை இதுவரை நேராக ஓடி வந்து, இங்கே வழி மறந்த மாதிரி வேறு திசையில் போகிறது பாருங்கள். இதோ இந்த இரண்டு சின்ன வட்டம், துண்டைப் பிடித்துக்கொள்ள அடித்த மர ஆணி. சொல்லிக்கொண்டே வந்தவர் பக்கவாட்டில் ஒரு வட்டத்தைத் தொட்டார். இங்கே ஒரு பித்தளை வில்லை இருந்திருக்கிறது, பிறகு பிடுங்கிவிட்டு மரம் வைத்து அடைத்திருக்கிறார்கள். முன்கட்டையின் நுனி வேறு துப்பாக்கியிலிருந்து வந்தது. குழாயின் மேல்மூடி இன்னொரு துப்பாக்கியிலிருந்து.

மருந்துக்கடைக்காரர் முகம் கடையில் விற்கிற எல்லா டிங்ச்சர் நிறத்துக்கும் ஒவ்வொன்றாக மாறியது. "எங்க தாத்தா என்ன, ஒட்டுப்போட்ட துப்பாக்கியை வச்சா சண்டை போட்டாரு?" என்று கேட்டுக்கொண்டே எழுந்துவிட்டார். உள்ளே போகும் வாசல் அவருக்கு இரண்டடியில் இருந்தது. என் மனைவி, "அண்ணா, கூடை" என்றாள். அந்தச் சொல்லில் அவளுடைய மொத்தப் பிறந்த வீடும் இருந்தது. அவர் காதில் விழவில்லை. நான் மேசைக்கு அடியில் காலை நீட்டி ஓங்கி ஓர் உதை விட்டேன். அது மாப்பிள்ளையின் கணுக்காலில் விழுந்தது. பையன் என்னை ஒரு முறை பார்த்தான். தன் கால்தான் வழியில் இருந்துவிட்டது என்று நினைத்தவன் போல மரியாதையாக உள்ளிழுத்துக்கொண்டான். இவனைவிட நல்ல மாப்பிள்ளை கிடைக்கமாட்டான் என்று அந்த நொடியில் முடிவு செய்தேன். கிடைத்தவனும் கைநழுவிப் போய்க்கொண்டிருந்தான்.

அப்போது ஒட்டு மாமா நிமிர்ந்து பார்க்காமலேயே ஒரு வார்த்தை சொன்னார். சமாதானத்துக்காகச் சொல்லவில்லை, அவருக்கு அந்தக் கலை தெரியாது. உள்ளதைச் சொன்னார்.

"ஒட்டு இல்லாத துப்பாக்கி எல்லாம் கிடங்கை விட்டு வெளியவே போகாதது சார். இது அடிபட்டு அடிபட்டு வந்திருக்கு. ஒவ்வொரு தடவையும் சரிபண்ணித் திரும்ப அனுப்பியிருக்காங்க. அவ்வளவு வேலை பாத்திருக்கு."

மருந்துக்கடைக்காரர் வாசலருகே நின்று யோசித்தார். யோசிக்க யோசிக்க நிறம் திரும்பியது. திரும்பி வந்து உட்கார்ந்தார். பிறகு, தனக்குப் பங்கு வர வேண்டிய சொத்தைப் பற்றி வக்கீலிடம் கேட்பவரின் குரலில், "அப்ப இன்னும் இருக்கும்ல?" என்று கேட்டார்.

இருந்தது. மேசை விளக்கு வந்தது. கடையில் தொண்டை பார்க்க வைத்திருக்கும் டார்ச் வந்தது. மருந்துச் சீட்டில் பொடி எழுத்தை வாசிக்கிற பூதக்கண்ணாடி வந்தது. இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து தலையோடு தலை முட்டிக்கொண்டார்கள். ஒட்டு மாமா மரத்தின்மேல் வாயால் ஊதி ஆவி படரவிட்டு, பசை இருக்கும் இடத்தில் ஆவி கலைவது வேறு மாதிரி என்று காட்டினார், மருந்துக்கடைக்காரரும் ஊதினார். ஒட்டு மாமா முகர்ந்தார்; அவரும் முகர்ந்தார். ஒவ்வொரு ஒட்டுக்கும் அவர் தொடையில் தட்டிக்கொண்டார். ஒட்டு இல்லாத இடம் வந்தால் கோபித்துக்கொண்டார். "இவ்வளவு பெரிய இடம், இதுல ஒண்ணுகூடவா இல்ல? நல்லா பாருங்க சார்" என்று மன்றாடினார். ஒட்டு மாமா பார்த்துவிட்டு இல்லை என்றார். ஒன்றாவது இருக்கும், தாத்தா அப்படிப்பட்ட ஆள் இல்லை என்று அவர் வாதாடினார். கல்யாணத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. மணமக்களும் நாங்களும் பிஸ்கட் தின்றோம்.

கடைசியில் மருந்துக்கடைக்காரர் துப்பாக்கியின் கழுத்தை விளக்குக்கு நேராகத் திருப்பினார். இப்போது வாள்வெட்டைப் பார்த்துச் சொல்ல வேண்டும். எல்லோரும் கேட்க, சத்தமாகச் சொல்ல வேண்டும் என்றார்.

ஒட்டு மாமா குனிந்தார். குனிந்தவர் அப்படியே இருந்தார்.

அவர் கண்ணில் பட்டது என்ன என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். மருந்துக்கடைக்காரரின் மனைவி கல்யாணமாகி வந்த புதிதில், கணவர் மருந்து கொள்முதலுக்காக வெளியூர் போயிருந்த சமயம், தூசு துடைக்க இறக்கிய துப்பாக்கி கைநழுவி விழுந்தது. கழுத்து இரண்டாக முறிந்தது. அந்தப் பெண் அழவில்லை, அழுதால் ஒட்டாது. பசை வாங்கி வந்து, முறிந்த முகங்களை ஒன்றோடொன்று வைத்து அழுத்தி, கடையிலிருந்து காயக்கட்டுத் துணி எடுத்து, உடைந்த காலுக்குப் போடுகிற மாதிரி இறுக்கிக் கட்டி, காய்ந்ததும் அவிழ்த்து, கணவருடைய ஷூ பாலிஷைத் தேய்த்து மெருகேற்றினார். பார்த்தால் முறிந்ததே தெரியவில்லை. ஒரே ஒரு குறை. வாள்வெட்டு இருந்த இடத்தைப் பசை மூடிவிட்டது. தாத்தாவின் வெட்டு போயே போய்விட்டது. கீழே கணவர் வந்து இறங்கிய வண்டிச் சத்தம் கேட்டது. அவர் படியேறி வருவதற்குள் அந்தப் பெண் சமையலறைக்கு ஓடி, காய் நறுக்கும் கத்தியை எடுத்து வந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு வெட்டு வெட்டினார். அன்று மாலையே கணவர் அந்த வெட்டை ஒரு நண்பருக்குக் காட்டிக் கண் கலங்கினார். அன்றிலிருந்து காட்டிக்கொண்டிருக்கிறார்.

டார்ச் வெளிச்சத்தில் கழுத்தைச் சுற்றிப் பசை ஒரு கோடாக மினுங்கியது. அந்தப் பசையையும் பாலிஷையும் அறுத்துக்கொண்டு வெட்டு போயிருந்தது. அதாவது முதலில் ஒட்டு, பிறகுதான் வெட்டு. ஒட்டு மாமாவுக்கு அது கடைப் பெயர்ப்பலகை மாதிரி தெரிந்தது. வாயைத் திறந்துகொண்டு நிமிர்ந்தார்.

நிமிர்ந்தவருக்கு நேர் எதிரே, கணவரின் முதுகுக்குப் பின்னால், டீத்தட்டைப் பிடித்துக்கொண்டு அந்த அம்மாள் நின்றார். கை காட்டவில்லை, தலை அசைக்கவில்லை. தட்டில் இருந்த கோப்பைகள் மட்டும் ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுத்தன. "டீ ஆறிடும்" என்றார்.

ஒட்டு மாமா வாயை மூடினார். பக்கத்தில் இருந்து பார்த்தவன் நான். அவர் தொண்டைக்குழி ஏறி இறங்கியதையும், நெற்றியில் வேர்த்ததையும் பார்த்தேன். விஷயம் புரியாவிட்டாலும், ஒரு மனிதர் ஒரு முழு ஒட்டை மெல்லாமல் விழுங்குவதைப் பார்க்கிறோம் என்பது மட்டும் தெரிந்தது.

என்ன சொல்கிறீர்கள் என்று மருந்துக்கடைக்காரர் கேட்டார்.

"வெட்டு" என்றார் ஒட்டு மாமா. அது பொய் இல்லை.

வாள்தானே என்று அவர் விடாமல் கேட்டார். நல்ல கூரான ஆயுதம் என்றார் ஒட்டு மாமா. அதுவும் பொய் இல்லை. யோசித்து யோசித்து, உண்மையின் விளிம்பிலேயே காலை வைத்து நடந்தார். ஆனால் எதிரில் இருந்தவர் இப்போது பழைய ஆள் இல்லை. ஒரு மணி நேரமாகப் பயிற்சி பெற்றவர். "கொடுங்க, நானே பார்க்கிறேன்" என்று பூதக்கண்ணாடியை வாங்கி, கழுத்தின்மேல் ஊதப் போனார்.

ஒட்டு மாமா துப்பாக்கியைச் சட்டென்று தன் பக்கம் இழுத்தார். "அதை விடுங்க. இங்க பாருங்க, முன்கட்டைல. இவ்வளவு நேரம் நான் கவனிக்கல. இருக்கிறதுலயே பெரிய ஒட்டு."

எல்லோரும் முன்கட்டையைப் பார்த்தோம். அங்கே மரத்தில் ஒரு கறுப்புக் கோடு வளைந்து போயிற்று. மருந்துக்கடைக்காரர் அதன்மேல் பாய்ந்தார். ஊதினார், முகர்ந்தார், நகத்தால் கீறினார். குழம்பினார். மகனைக் கூப்பிட்டார். அதுவரை ஒரு வார்த்தை பேசாமல் இருந்த பையன் வந்து குனிந்து, கோட்டின்மேல் நகத்தை ஓட்டிப் பார்த்தான். வரைபடம் போடுகிற கண் அல்லவா?

"இது ஒட்டு இல்லீங்க. மரத்தோட ரேகைதான்" என்றான் தயக்கத்தோடு.

வாழ்நாளில் ஒரு தடவைகூடத் தவறாத மனிதர், நிறைந்த சபையில், தெரிந்தே காட்டிய ஒரே ஒரு பொய் ஒட்டு. அவர் வாதாடியிருக்கலாம். அந்தப் பையனைப் பார்த்தார். டீத்தட்டைப் பார்த்தார்.

"ஆமா தம்பி. தப்பா பாத்துட்டேன்."

என் மனைவி அலறாத குறை. அண்ணன் வாயிலிருந்து அந்தச் சொற்கள் வந்து அவள் கேட்டதே கிடையாது. பக்கவாதம்தான் வந்துவிட்டது என்று முடிவு கட்டி, அவர் கையைத் தூக்கச் சொன்னாள், சிரிக்கச் சொன்னாள், தன் பெயர் என்ன என்று கேட்டாள். மருந்துக்கடைக்காரர் கீழே ஓடி ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியை எடுத்து வந்தார். பட்டையைச் சுற்றிக் காற்றடித்துப் பார்த்தால் அழுத்தம் நிஜமாகவே எக்கச்சக்கமாக இருந்தது. ஒரு மாத்திரை கொடுத்துப் படுக்கவைத்தார்கள். கல்யாணம் அந்தப் பட்டை கையில் இருக்கும்போதே நிச்சயமானது. மருந்துக்கடைக்காரருக்கு அன்று போல ஒரு சந்தோஷம் இருந்திருக்காது: தாத்தாவின் துப்பாக்கி, ராணுவ நிபுணரின் கண்ணையே ஏமாற்றிவிட்டது, கண்டுபிடித்தது தம்முடைய மகன். இவ்வளவு பெரிய வெற்றிக்குப் பிறகு சம்பந்தத்தை வேண்டாம் என்று சொல்ல அவருக்கு மனம் வருமா?

வண்டியில் திரும்பும்போது என் மகள் சொன்னாள்: "மாமா தப்புன்னு ஒத்துக்கிட்டப்போ அவர் சிரிக்கலைப்பா." மாப்பிள்ளையைத்தான் சொன்னாள். அவளுக்கு அது போதுமாக இருந்தது. ஒட்டு மாமா ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். வழியில் போன எதையும் அவர் பார்க்கவில்லை.

செய்தி பரவ எத்தனை நேரமாகும்? ஒட்டு மாமா தவறிவிட்டாராம் என்று தெரிந்ததும், அதுவரை வாயை மூடிக்கொண்டிருந்த பாதிக்கப்பட்டோர் எல்லோரும் கிளம்பிவிட்டார்கள். வண்டி வாங்கிய நண்பர் வந்து, அப்படியானால் என் கதவும் அசல்தானே என்று கேட்டார். அவருக்கு வீட்டில் சேர்ந்து சாப்பிட வேண்டியிருந்தது. பெட்டியின் மூடி சரியான மூடிதான் என்று மேலாளரின் மனைவி சொல்லி அனுப்பினார். யார் வந்து என்ன கேட்டாலும் ஒட்டு மாமா, இருக்கலாம், எனக்கும் வயசாச்சு என்றார். சிலர் அவருக்கு நல்ல கண் டாக்டரைச் சிபாரிசு செய்தார்கள். உண்மையைச் சொன்னால் ஒரே வாக்கியத்தில் பழைய பெயர் திரும்பிவிடும். சொல்லவில்லை.

அவரை நான் தியாகி என்று எழுதி இத்தோடு முடித்துக்கொள்வேன் என்று நினைத்தால், உங்களுக்கு இந்த இனத்தைப் பற்றி இன்னும் தெரியவில்லை.

கல்யாணத்துக்குப் பிறகு ஒருநாள் அவர் என் மகளைப் பார்க்க அந்த வீட்டுக்குப் போயிருந்தார். சம்பந்தியம்மாள் அவரைச் சமையலறை வாசலுக்குக் கூப்பிட்டார். நன்றி சொல்லத்தான் கூப்பிட்டார். சொல்லியும்விட்டார். ஆனால் சொன்ன பிறகும் நகரவில்லை. இத்தனை காலம் தான் ஒருத்தியாக மனதில் சுமந்த வேலை. கணவரிடம் காட்ட முடியாது, மகனிடம் காட்ட முடியாது. உலகத்தில் அதைப் பார்த்தவர் ஒரே ஒருவர், அதுவும் அந்தத் தொழிலே தெரிந்தவர்.

"வேலை எப்படி இருந்துச்சு?" என்று கேட்டார்.

அருமை என்று ஒரு சொல் சொன்னால் போதும். கூடம் நிறைய ஆட்கள் இருக்கையில் தன் வாழ்நாள் பெயரையே தூக்கிக் கொடுத்த மனிதர் யோசித்தார்.

"ஒட்டு ரொம்ப சுத்தம்மா. கிடங்குலகூட அப்படி நான் பாத்ததில்ல. வெட்டுதான் கொஞ்சம் இடிக்குது. வாள் மேல இருந்து கீழ வந்திருக்கணும். நீங்க கீழ இருந்து மேல இழுத்துட்டீங்க."

அந்த அம்மாள் அடுப்பைத் தணித்துவிட்டு, அப்படியா என்றார். அவ்வளவுதான். அன்றிலிருந்து அந்த வீட்டில் ஒட்டு மாமாவுக்குக் கிடைக்கும் டீயில் சர்க்கரை இருப்பதில்லை. சம்பந்தியம்மாள் பொறுக்கமாட்டாமல் இதையெல்லாம் என் மகளிடம் சொன்னார். மகள் என் மனைவியிடம் சொன்னாள். என் மனைவி என்னிடம் சொன்னாள். எங்கள் குடும்பத்தில் ரகசியம் இப்படித்தான் காக்கப்படும். மருந்துக்கடைக்காரருக்கு மட்டும் தெரியாது. நான் எழுதுவதை அவர் வாசிப்பதில்லை.

அவருக்கு நேரமும் இல்லை. சொந்தமாக டார்ச்சும் பூதக்கண்ணாடியும் வாங்கிவிட்டார். வாரம் தவறாமல் ஏதாவது ஒரு சொந்தக்காரர் வீட்டுக்குப் போய் மேசை நாற்காலிகளைத் தட்டி, ஊதி, முகர்ந்து தீர்ப்புச் சொல்கிறார். ஏறக்குறைய எல்லாமே தப்பு. புத்தம்புதிய கட்டிலில் மூன்று தலைமுறை ஒட்டைக் கண்டுபிடிப்பார். பக்கத்தில் ஒட்டு மாமா உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார். திருத்த முடியாது. அவர்தான் தவறுகிறவர் என்று ஊருக்கே தெரியுமே? ஒட்டுக்கண்ணர் இனத்தில் இந்தத் தப்பான வகைதான் வேகமாகப் பெருகுகிறது என்பதை அறிவியல் நோக்கில் இங்கே குறித்துவைக்கிறேன்.

சரி, இனி உங்களுக்கு வருவோம். முறிந்த கட்டையை ஒட்டிய இடத்தில் கத்தியால் ஓங்கினால் மறுபடி முறிந்திருக்காதா என்று உங்களுக்குத் தோன்றியிருக்கும். பல வருடம் தினமும் பார்த்தவருக்கு வெட்டு மாறியது தெரியாமலா போகும் என்றும் தோன்றியிருக்கும். தோன்றட்டும், அதில் குற்றம் இல்லை, யாருக்கும் தோன்றுவதுதான். ஆனால் இதை மூடி வைத்துவிட்டு, பக்கத்தில் இருப்பவரிடம், "நல்லாத்தான் எழுதியிருக்கான், ஆனா அந்தக் கத்தி வர்ற இடம் மட்டும்" என்று தொடங்குவீர்கள் பாருங்கள், அந்த 'ஆனா' வரைக்கும் உங்களுக்கு ஆபத்து இல்லை. அதற்குப் பிறகு நான் பொறுப்பல்ல. அந்த 'ஆனா'வை வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டு ஒரே ஒரு நாள் இருந்து பாருங்கள். முடிந்தால் நீங்கள் இந்த இனம் இல்லை என்று நானே எழுதிக் கொடுக்கிறேன்.

உண்மையைச் சொல்லுங்கள். யாரிடம் முதலில் சொல்லலாம் என்று இப்போதே யோசித்துக்கொண்டுதானே இருக்கிறீர்கள்?